மருத்துவச்சி யாஸ்னாவும் மூன்று செயலிகளும்

கிலிகூராவின் அரசு மருத்துவ மையத்தில் யாஸ்னா கார்கமோவைத் தெரியாதவர்கள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அங்கே மருத்துவச்சி. சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் அந்தப் பகுதியில், இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேரின் இதயத் துடிப்பை அவர்கள் பிறப்பதற்கு முன்பே கேட்டவள். தெற்கே லோத்தாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். உரத்த குரல், அகன்ற கை. எதையும் யோசிக்காமல் செய்கிறவள் என்று பெயர். அது உண்மையில்லை. யோசிப்பாள், நடந்துகொண்டே யோசிப்பாள், அவ்வளவுதான். கணவனை விட்டுப் பிரிந்தபோதும் அப்படித்தான். சனிக்கிழமை முடிவெடுத்தாள், திங்கட்கிழமை வீட்டுப் பூட்டை மாற்றினாள்.

அப்படிப்பட்டவளை ஒரு மார்ச் மாதம் ஒரே ஒரு சொல் உட்கார வைத்துவிட்டது.

கிலிகூராவில் ஹைத்திக்காரர்கள் குடியேறி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. மையத்துக்கு வரும் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருத்தி ஹைத்திக்காரி. அவர்கள் பேசுவது க்ரெயோல். மொழிபெயர்க்க ஓர் இளைஞன் செவ்வாயும் வியாழனும் வருவான். நல்ல பையன். ஆனால் அவன் அறைக்குள் வந்து நின்றதும் பெண்கள் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கைஜாடைதான்.

அன்று திங்கட்கிழமை. மிர்லாந்த் என்ற இருபத்தாறு வயதுப் பெண் வந்திருந்தாள். சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. நாலாவது மாதம், முதல் பிரசவம். முதுகு நேராக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாஸ்னா ஸ்பானிஷில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கையால் வரைந்து காட்டிக் கேட்டாள்.

“வலி இருக்கா?”

“வி,” என்றாள் மிர்லாந்த். ஆமாம்.

“ரத்தம் போகுதா?”

“வி.”

“நிறையவா?”

“வி.”

யாஸ்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் மிர்லாந்த் ஏழு மணி நேரம் காத்திருந்தாள். ரத்தமும் இல்லை, வலியும் இல்லை, ஒன்றுமே இல்லை என்று இருட்டிய பிறகு அனுப்பிவிட்டார்கள். எதற்காகத் தன்னைப் பிடித்து ஏற்றினார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

வரவேற்பு மேசையில் உட்காரும் ஓர்ஃபெலினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாக்கு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

“நீ ஆம்பளையான்னு கேட்டிருந்தாலும் அவ ‘வி’ன்னுதான் சொல்லியிருப்பா, பொண்ணே,” என்றாள், கோப்புகளை அடுக்கிக்கொண்டே. “அவமேல என்ன தப்பு. நீ கேட்ட பாஷையே அவளுக்குப் புரியல.”

“நான் தெளிவாத்தான் கேட்டேன், சேன்யோரா.”

“தெளிவாத்தான் கேட்டே. ஸ்பானிஷ்ல.”

யாஸ்னாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கிண்டல் புதிதில்லை, அதில் பிழை கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் புதிது. அன்று பேருந்தில் வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். நாற்பத்தேழு வயதில் ஒரு பாஷை படிக்க வேண்டும். வகுப்புக்குப் போக நேரமில்லை. அப்படியென்றால் கைபேசிதான்.

வல்திவியாவில் படித்துக்கொண்டிருந்த மகள் ரயேனைக் கூப்பிட்டாள்.

“எல்லாரும் வெச்சிருக்கிற ஆப் ஒண்ணு இருக்கும்மா,” என்றாள் ரயேன். “உன் பாஷையை நீ சொல்லிக் குடு, அவங்க பாஷையை அவங்க சொல்லிக் குடுப்பாங்க. நான் அதுலதான் ஜெர்மன் பேசறேன்.”

அந்த முதல் செயலி பார்க்க அழகாக இருந்தது. அறுபது மொழிகள். க்ரெயோல் மட்டும் இல்லை. பிரெஞ்சுக்குக் கிட்டத்தில்தானே இருக்கிறது, அதை எடு என்றாள் மகள். யாஸ்னா பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்து, மருத்துவச்சி அங்கி போட்ட தன் படத்தையும் ஏற்றினாள். ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பத்துப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆண்கள். ஒருவன் அவள் கண்களைப் புகழ்ந்தான். இன்னொருவன் அவள் தனியாக வாழ்கிறாளா என்று கேட்டான். பதினோராவது ஆள் பிரான்சில் லியோன் நகரத்து ஓய்வுபெற்ற ஆசிரியை. மரியாதையான பெண்மணி. ‘க்ரெயோல் வேறு மொழி, அம்மா. அது எனக்கே புரியாது. பிரெஞ்சு படித்துவிட்டு அவர்களிடம் போனால் மறுபடியும் ஊமையாகத்தான் நிற்பீர்கள்’ என்று எழுதியிருந்தாள். யாஸ்னா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, இரண்டாம் நாளே செயலியைத் தூக்கி எறிந்தாள்.

இரண்டாவது செயலி காசு கட்டி வாங்குவது. அதில் க்ரெயோல் இருந்தது, மனிதர்கள் இல்லை. ஓர் இயந்திரக் குரல் வாக்கியம் சொல்லும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மணி அடிக்கும். மூன்று வாரம் பேருந்தில் போக வர விடாமல் படித்தாள். குதிரை தண்ணீர் குடிக்கிறது. என் மாமாவின் தொப்பி மஞ்சள். முந்நூறு சொல் சேர்ந்தது. ஒருநாள் தாழ்வாரத்தில் காத்திருந்த ஒரு ஹைத்திப் பெண்ணிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், காலை வணக்கம் சொல்லி, எந்த ஊர் என்று க்ரெயோலில் கேட்டாள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். நீளமான பதில். அருவி கொட்டுவது போல. யாஸ்னாவுக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அன்றுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இயந்திரம் அவளைப் பேச வைத்தது, கேட்க வைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது பதிலுக்குப் பேசுகிற ஆள். தப்பாகச் சொன்னால் சிரிக்கிற ஆள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் ரொட்டி, அவகாடோ, தேநீர்க் குவளை எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். மையத்துக்குப் புதிதாக ரத்த அழுத்தக் கருவி வாங்கும்போது அவள் பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவதில்லை. தன் கையிலேயே கட்டிப் பார்ப்பாள். செயலிகளையும் அப்படியே பார்த்தாள். ஒரே மதியத்தில் ஐந்தை இறக்கினாள். ஒவ்வொன்றிலும் முதலில் க்ரெயோல் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தால், குரலில் பேச முடியுமா என்று பார்த்தாள். எழுத்தில் படித்து என்ன செய்வது, கர்ப்பிணிகள் எழுதிக் காட்டவா போகிறார்கள். பெண்களோடு மட்டும் பேச வழி இருக்கிறதா, தொல்லை தருகிற ஆளை ஒரே தட்டில் வெளியே தள்ள முடியுமா என்று சோதித்தாள். கடைசியாக, எதிரில் இருக்கிறவருக்கும் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்த்தாள். சும்மா சொல்லிக்கொடுக்க வருகிறவள் இரண்டு வாரத்தில் சலித்துப் போவாள் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு செயலிகள் தோற்றன. மிஞ்சியது அழகில்லாதது. ஆரஞ்சு நிற எழுத்து. திறந்தால் செருப்பு விளம்பரம். ஆனால் அதில் எல்லாம் இருந்தது. சேரும்போது ஒரே கேள்வி கேட்டது: எதற்காகப் படிக்கிறீர்கள்? யாஸ்னா எழுதினாள்: ‘கர்ப்பிணிகளிடம் கேள்வி கேட்க. பதில் புரிய.’

ஸ்பானிஷ் படிக்க விரும்பும் க்ரெயோல்காரிகள் மொத்தம் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் நட்பு, கலாசாரம், பயணம் என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது ஆள் கெர்லின் எஸ்திமே. ஹைத்தியின் எல்லையோரம் வானாமென்த் ஊர். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பூண்டு, வெங்காயம் வியாபாரம். ஆற்றுக்கு அக்கரையில் டொமினிக்கன் சந்தையில் பேரம் பேச ஸ்பானிஷ் வேண்டும். கவிதை வேண்டாம்.’

யாஸ்னா மற்ற எட்டுப் பேரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் அழைப்பிலேயே கெர்லின் தன் உடைந்த ஸ்பானிஷில் கறாராகப் பேசினாள். ஹைத்தியில் நர்சம்மாக்களை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மிஸ், முதல்ல ஒண்ணு பேசிடுவோம். அரை மணி நேரம் ஸ்பானிஷ், அரை மணி நேரம் க்ரெயோல். அலாரம் வெச்சுக்கலாம். இதுக்கு முன்னாடி ஒருத்தி வந்தா, ஒரு மணி நேரமும் அவளே பேசிட்டுப் போயிட்டா.”

“சரி. நான் தப்பாச் சொன்னா?”

“சொல்லுவேன். உங்களுக்குக் கோவம் வருமா?”

“வரும். நீங்க சொல்லுங்க.”

கெர்லின் சிரித்தாள். கனத்த, தொண்டையிலிருந்து வரும் சிரிப்பு. ஐம்பது வயது, நாலு பிள்ளை பெற்றவள். சந்தை கூடுவது திங்களும் வெள்ளியும். அதனால் அவர்கள் பேசுவது புதனும் ஞாயிறும் என்று ஆயிற்று.

மூன்றாவது வாரம் யாஸ்னா அந்த ‘வி’ கதையைச் சொன்னாள்.

“வலிக்குதான்னு கேட்டீங்களா?” என்றாள் கெர்லின்.

“ஆமா.”

“அப்படிக் கேக்கக் கூடாது, மிஸ். வெள்ளை அங்கி போட்டவங்க ஒண்ணு கேட்டா, நாங்க ஆமான்னு சொல்லிடுவோம். இல்லைன்னா மரியாதைக் குறைவு. ஆமான்னா நீங்க சீக்கிரம் விடுவீங்க.”

“அப்போ எப்படிக் கேக்கறது?”

“ஆமா சொல்ல முடியாத மாதிரி கேளுங்க. காலைல எழுந்து என்ன செஞ்சே? நேத்து என்ன சாப்பிட்டே? எங்கே வலி, விரலை வெச்சுக் காட்டு. அவ பேசட்டும். பேசவிட்டாத் தானா வந்து விழும்.”

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் யாஸ்னா இதை யாரிடமும் கேட்டதில்லை. அன்று அரை மணி நேரமும் இருவரும் கேள்விகளையே தைத்துக்கொண்டிருந்தார்கள். கெர்லின் கர்ப்பிணியாக நடித்தாள். ஒரு தடவை கோபக்காரக் கர்ப்பிணி, ஒரு தடவை வாயே திறக்காதவள்.

உடம்பின் ஒவ்வொரு வலிக்கும் கெர்லினிடம் ஒரு சொல் இருந்தது. ஒரு புதன்கிழமை, மூட்டை தூக்கியதில் தன்னுடைய பிஸ்கெத் விழுந்துவிட்டது என்று புலம்பினாள்.

“பிஸ்கெட்டா? வேற வாங்கிக்கலாமே.”

“ஐயோ மிஸ், திங்கற பிஸ்கெட் இல்ல. இங்கே, நெஞ்செலும்பு முடியுற இடம், வயித்துக்கு மேல. அதுக்குப் பேரு பிஸ்கெத். கனம் தூக்கினா அது எறங்கிடும். வலி உயிர் போகும்.”

யாஸ்னா அன்று சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்தினாள். நெஞ்செலும்பு எங்கும் விழாது என்று விளக்கப் போய்த் தோற்றாள். ஆனால் சொல் மனதில் நின்றது.

கொடுத்தவள் கெர்லின் மட்டுமில்லை. யாஸ்னா கற்றுக்கொடுத்த ஸ்பானிஷ் சுத்தமான சிலி ஸ்பானிஷ். சிலியில் உடனே என்பதற்கு ‘அல் திரோ’ என்பார்கள். கரீபியன் காதுக்கு அது துப்பாக்கிச் சூடு. கெர்லின் அக்கரைக்குப் போய், பூண்டு மொத்த வியாபாரி தோன் எவரிஸ்தோவின் கடை முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, இரண்டு மூட்டை அல் திரோ எடுத்து வா என்று சத்தம் போட்டாள். கடைப்பையன் கையைத் தூக்கிவிட்டான்.

“எந்த ஊர் பொம்பளைடி நீன்னு அந்த எவரிஸ்தோ கேக்கறான், மிஸ்,” என்று ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு வந்தாள். “நான் பேசறது சினிமாக் கொள்ளைக்காரி மாதிரி இருக்காம்.”

“பூண்டு குடுத்தானா இல்லையா?”

“குடுத்தான்.”

“உடனேயா?”

“உடனேதான்,” என்று ஒத்துக்கொண்டாள் கெர்லின். அதற்குப் பிறகும் தோன் எவரிஸ்தோவிடம் அவள் அந்தச் சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்தி வந்தாள்.

ஜூலை வந்தது. மலையிலிருந்து குளிர் இறங்கி, காத்திருப்புக் கூடத்தில் எல்லோரும் தடித்த கோட்டுக்குள் சுருண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓர்ஃபெலினா யாஸ்னாவின் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

“அந்த ‘வி’ பொண்ணு வந்திருக்கா. தையல்காரி. பாவம், பசி போல. பிஸ்கெட், பிஸ்கெட்ங்கறா. என் டப்பாவிலேர்ந்து ரெண்டு குடுத்தேன், வாங்க மாட்டேங்கறா. வயித்தைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கா.”

யாஸ்னா எழுந்துவிட்டாள். கையில் இருந்த பேனாவை எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

மிர்லாந்த் நாற்காலியில் முன்பக்கம் குனிந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. எட்டாவது மாதம். பக்கத்து இருக்கையில் இரண்டு பிஸ்கெட் தொடாமல் கிடந்தது. யாஸ்னா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து க்ரெயோலில் கேட்டாள்.

“மிர்லாந்த், எங்கேன்னு விரல் வெச்சுக் காட்டும்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மருத்துவச்சியின் வாயிலிருந்து தன் பாஷை வருவதை நம்பாதவள் போலப் பார்த்தாள். பிறகு விரலை நெஞ்செலும்பின் கீழ் நுனியில் வைத்தாள்.

“காலைல எழுந்து என்ன செஞ்சே?”

“பட்டறைக்குப் போனேன், மிஸ். ஊசில நூல் கோக்க முடியல. ரெண்டு ஊசி தெரிஞ்சுது. நூல் எந்த ஊசிக்குப் போகுதுன்னே தெரியல. தலை ராத்திரியிலேர்ந்து இடிக்குது. மூட்டை தூக்கினதுல பிஸ்கெத் விழுந்துடுச்சுன்னு என் பக்கத்துல தைக்கிறவ சொன்னா.”

யாஸ்னாவுக்கு அத்தனையும் புரிந்தது. அருவி போலத்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை அதன் நடுவில் நிற்க முடிந்தது. மேல்வயிற்று வலி, இரட்டைப் பார்வை, தலைவலி. கையில் ரத்த அழுத்தப் பட்டியைக் கட்டினாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. இன்னொரு கையில் கட்டினாள். அதே எண். விழுந்தது நெஞ்செலும்பு இல்லை. கர்ப்பத்தில் ஏறுகிற ரத்த அழுத்தம் ஈரலைத் தாக்க ஆரம்பித்துவிட்டது. எந்த நேரமும் வலிப்பு வரலாம்.

“சேன்யோரா, ஆம்புலன்ஸ். அவசரம்னு சொல்லுங்க,” என்றாள். ஓர்ஃபெலினா தொலைபேசியை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் என்ற சொல் மிர்லாந்துக்குப் புரிந்துவிட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“போக மாட்டேன். அன்னைக்கும் அனுப்பினீங்க. ஏழு மணி நேரம் உக்காத்தி வெச்சாங்க. ஒண்ணும் இல்லைன்னாங்க. எல்லாரும் என்னைப் பொய்க்காரி மாதிரி பார்த்தாங்க.”

“அன்னைக்குத் தப்பு என்னுது,” என்றாள் யாஸ்னா. “நீ சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கோ. இன்னைக்கு நீ சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ஊசி ரெண்டாத் தெரிஞ்சுது, தலை இடிக்குது, இங்கே வலிக்குது. சரியா?”

“சரி.”

“இது மூட்டை தூக்கினதால இல்ல. ரத்தம் ரொம்ப வேகமா அடிக்குது. உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அங்கே போனதும் உன்னை உக்காத்தி வெக்க விட மாட்டேன். நானே கூட வரேன்.”

யாஸ்னாவின் வினைச்சொற்கள் பாதி உடைந்திருந்தன. ஓர் இடத்தில் ரத்தம் ஓடுகிறது என்பதற்குக் குதிரை ஓடுகிறது என்று சொல்லிவிட்டாள். மிர்லாந்த் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்து எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் யாஸ்னா மிர்லாந்தை உட்கார்ந்து காத்திருக்க விடவில்லை, தானும் உட்காரவில்லை. வாசலிலேயே எண்களைச் சொன்னாள். உரத்த குரல் அங்கே உதவியது. மருத்துவர்கள் கேட்டதை மிர்லாந்துக்கும், மிர்லாந்த் சொன்னதை மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொண்டே அறுவை அறையின் கதவுவரை போனாள். மதியம் மூன்று மணிக்குப் பெண் குழந்தை. ஆயிரத்து எண்ணூறு கிராம். அழுகை மட்டும் முழுச் சத்தம். மிர்லாந்தின் அழுத்தம் இறங்க இரண்டு நாள் ஆயிற்று. குழந்தை மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது.

குழந்தைக்கு யாஸ்னா என்றுதான் பெயர் வைப்பார்கள் என்று ஓர்ஃபெலினா மையம் முழுக்கப் பந்தயம் கட்டியிருந்தாள். லவ்லி என்று வைத்தார்கள். ஓர்ஃபெலினா ஒரு வாரம் சிடுசிடுத்தாள்.

பிரசவத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கெர்லினிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பார்த்தியா, பிஸ்கெத் விழும்னு நான் சொன்னேன்ல,” என்றாள். நீங்க போய் நீ வந்திருந்தது. யாஸ்னா இந்தத் தடவை மறுத்துப் பேசவில்லை.

மையத்தில் மற்ற மருத்துவச்சிகளும் நர்சுகளும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஆப், பெயர் என்ன, எழுதிக் கொடு என்றார்கள்.

“பேரைச் சொல்றேன்,” என்றாள் யாஸ்னா. “ஆனா கெர்லினைத் தர மாட்டேன். அவங்கவங்க ஆளை அவங்கவங்க தேடிக்கணும். நல்லாச் சிரிக்கிறவளா, உங்ககிட்டேர்ந்து ஏதாவது வேணும்னு நினைக்கிறவளாப் பாருங்க. உங்களைப் பாராட்டிக்கிட்டே இருக்கிறவ வேண்டாம்.”

நாலு பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் விடாமல் தொடர்ந்தார்கள். அதுவே போதும் என்றிருந்தாள் அவள். இப்போது எந்த நாளிலும் யாராவது ஒருத்திக்குக் க்ரெயோல் தெரிந்திருந்தது. மொழிபெயர்க்க வரும் இளைஞன், தன் வேலை போய்விடுமோ என்று கவலைப்பட்டான். அவனை ஆண்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

செப்டம்பரில் கெர்லினுக்குப் பேரம் பேசுவது கைவந்துவிட்டது. இனி அவளுக்கு வேண்டியது எழுத்து. தோன் எவரிஸ்தோ முளைவிட்ட பூண்டை மூட்டையின் அடியில் போட்டு அனுப்பியிருந்தான். வாயால் திட்டினால் சிரித்து மழுப்புகிறான். காகிதத்தில் திட்ட வேண்டும்.

“எழுதறேன், கேளு,” என்றாள் கெர்லின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “நீ ஒரு திருடன்.”

“அப்படி ஆரம்பிக்கக் கூடாது. மதிப்புக்குரிய தோன் எவரிஸ்தோன்னு ஆரம்பி.”

“முளைச்ச பூண்டு குடுத்தவனுக்கு என்ன மதிப்பு?”

“மரியாதையா எழுதினாத்தான் உறைக்கும். நான் இருபது வருஷமா ஆஸ்பத்திரிக்குப் புகார்க் கடிதம் எழுதறேன், என்னை நம்பு.”

இருவரும் அந்த ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம் மல்லுக்கட்டினார்கள். அலாரம் அடித்தது, அரை மணி நேரம் முடிந்திருந்தது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை. கடைசியில் மதிப்புக்குரிய என்பது இருந்தது. அதற்குக் கீழே இரண்டாவது வரியிலேயே திருடன் என்பதும் இருந்தது. கெர்லின் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

“நல்லா இருக்கு,” என்றாள். “நாளைக்கே குடுத்துட்டு வரேன்.”